மாப்பிள்ளை விசா

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் பெண் பார்க்கப் போகிறவர்கள் நிறம், படிப்பு, நகை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்பார்கள்: "பொண்ணுக்கு நேஷனாலிட்டி இருக்கா?" நேஷனாலிட்டி என்றால் பிரெஞ்சு நேஷனாலிட்டிதான். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது சில குடும்பங்கள் அந்த நாட்டுக் குடியுரிமையையே வைத்துக்கொண்டன. அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டால் அவளோடு பிரான்சுக்குப் போய்விடலாம். எங்கள் பக்கத்தில் பல பேருக்கு அதுதான் கனவு.

எனக்கு அப்படி எந்தக் கனவும் கிடையாது. நான் காரைக்கால் பக்கத்து விழிதியூர்க்காரன். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. நான் காரைக்காலில் ஒரு கடையில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். கனவு கண்டதெல்லாம் என் அம்மா. ஒரு தரகர் வந்து, "சொல்தா வீட்டுப் பொண்ணு ஒண்ணு இருக்கு" என்றதும் அவள் பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டுவிட்டாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம்.

என் மாமனாராக வரப்போகிறவர் சைகோனிலும் அல்ஜீரியாவிலும் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள். அவர் உட்கார்ந்தாலும் நிற்பதுபோலவே இருப்பார். எதற்கும் "பொன், பொன்" என்று தலையாட்டுவார். பிரெஞ்சில் அதற்கு 'நல்லது' என்று அர்த்தம். அது தெரியாத என் அம்மா, கேட்டதற்கெல்லாம் பொன் தருவதாகச் சொல்கிறார் என்று நினைத்துப் பேச்சுவார்த்தை முழுக்க முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வெற்றிலைத் தட்டில் பெண்ணின் பாஸ்போர்ட்டையும் வைத்துக் கொண்டுவந்தார்கள். என் பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக அதை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். கூடத்தில் ஒரு டேபிள் ஃபேன் கடகடவென்று கத்திக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டு, அதை நிறுத்தி, மூடியைக் கழற்றிச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதற்குள் பெண்ணும் வந்து போய்விட்டாள். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

எப்படியோ சம்மதம் வந்தது. கோயிலில் கல்யாணம் நடந்தது. ஆனால் பிரான்சுக்குக் கோயில் கல்யாணம் போதாது, ரிஜிஸ்டர் ஆபீசில் பதிய வேண்டும் என்றார் மாமனார். பதிவதற்கு முன்னால் எங்கள் பெயர்களை ஆபீஸ் பலகையில் ஒட்டி, ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். அம்மாவுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. "தாலி கட்டின பிறகு ஆட்சேபணை இருக்கான்னு ஊரைக் கேப்பாங்களா? ஊருல எவன் வாய் சும்மா இருக்கும்?" என்று புலம்பினாள். உறவுக்காரர்கள் சைக்கிள் மிதித்து வந்து பலகையைப் படித்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

அடுத்து எனக்கு பாஸ்போர்ட். விண்ணப்பித்துச் சில மாதங்கள் கழித்து, சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் என் விலாசத்தை விசாரித்து விழிதியூருக்கு வந்தார். நான் கடையில் இருந்தேன். டீக்கடைக்காரரிடம் அவர் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பையன் ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டான் போலிருக்கிறது என்று நினைத்த அந்த நல்ல மனிதர், "அப்படி யாரும் இந்த ஊர்ல இல்லைங்களே" என்று சொல்லிவிட்டார். போலீஸ்காரர் விடாமல் எங்கள் வீட்டுக்கே வந்தபோது அப்பா வீட்டையொட்டிய களத்துமேட்டில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். அவரும், "அவன் ஊரைவிட்டுப் போயி ரொம்ப நாளாச்சுங்க" என்றார். என்னைக் காப்பாற்றுகிறாராம். மறுநாள் நானே ஸ்டேஷனுக்குப் போய், நான் உயிரோடு இந்த ஊரில்தான் இருக்கிறேன் என்று சொல்லி நிரூபிக்க வேண்டியிருந்தது. போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே, "உங்க ஊருல எல்லாரும் உங்க மேல ரொம்பப் பாசமா இருக்காங்க" என்றார்.

பாஸ்போர்ட் வந்தது. கடைசியில் மிச்சமிருந்தது பாண்டிச்சேரி பிரெஞ்சு கான்சலேட்டில் விசாவுக்கான நேர்முகம். நேஷனாலிட்டிக்காகவே பொய்க் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் அப்போது இருந்தார்கள். அதனால் புருஷனையும் பெண்டாட்டியையும் தனித்தனியாகக் கேள்வி கேட்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மாமனார் இதைப் பட்டாளப் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் பிரம்பு நாற்காலியில் கான்சலாக உட்கார்ந்துவிடுவார். நானும் என் மனைவியும் முறைவைத்து எதிரில் நிற்போம்.

"மனைவிக்குப் பிடித்த உணவு?"

"வஞ்சிர மீன் குழம்பு."

"உங்கள் இல்லறம் எப்படி இருக்கிறது?"

"ஒருவரை ஒருவர் மதித்து, மிகவும் அன்போடு வாழ்கிறோம்."

"மிகவும் அன்போடுன்னு சொல்லும்போது குரல் இறங்குது மாப்பிள்ளை. மறுபடி சொல்லுங்க."

அவள் எல்லாவற்றையும் என்னைவிட வேகமாக மனப்பாடம் செய்துவிட்டாள். ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தாள். பிள்ளைகளை ஒப்பிக்க வைத்த பழக்கம். ஆனால் பயிற்சி முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் சமையல்கட்டுக்குப் போய்விடுவாள். அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

குறித்த நாளில் மூன்று பேரும் பஸ் ஏறினோம். மாமனார் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். சிதம்பரம் தாண்டுவதற்குள் கோட்டு வியர்வையில் நனைந்துவிட்டது, கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். கான்சலேட்டில் அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு எங்களை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரி நடுவயதுப் பெண்மணி, பிரெஞ்சுக்காரர். பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பாண்டிச்சேரிக்காரர். முதலில் என்னைக் கேட்டார்கள். மாமனார் கேட்ட அதே கேள்விகள். குரல் இறங்காமல் பதில் சொன்னேன். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டு அவளைக் கேட்டார்கள். அப்புறம் இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள்.

"ரெண்டு பேரும் சொன்ன பதில்ல ஒரு வார்த்தைகூட மாறலைன்னு அம்மா சொல்றாங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர். "யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேக்குறாங்க."

அவள் சட்டென்று, "எங்க அப்பா" என்றாள்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பிறகு அவளைப் பார்த்து, எதற்காக பிரான்சுக்குப் போக விரும்புகிறாய் என்று கேட்டார்.

"அதுக்கும் அப்பா ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருக்காரு. அதைச் சொல்லவா, என் பதிலைச் சொல்லவா?"

"உன் பதில்தான் வேணுமாம்."

"எனக்குத் தெரியலைங்க. போறியான்னு என்னை யாரும் கேக்கலை."

மொழிபெயர்ப்பாளர் ஒரு தரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக அதை பிரெஞ்சில் சொன்னார். அந்த அம்மாள் பேனாவை மூடினார். மறுக்கவில்லை, திட்டவும் இல்லை. வீட்டுக்குப் போய் இரண்டு பேரும் பேசுங்கள், பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் மாமனார் எழுந்து நின்று, "பொன்?" என்றார். "இல்லைங்க மாமா, மறுபடி வரச் சொல்லிட்டாங்க" என்றேன். அவள் எங்களுக்காக நிற்காமல் கடற்கரைப் பக்கம் நடந்தாள். மாமனாரை ஒரு மரத்து நிழலில் உட்கார வைத்துவிட்டு நான் பின்னால் போனேன். எனக்குக் கோபமும் இருந்தது, வெட்கமும் இருந்தது. எது அதிகம் என்று தெரியவில்லை.

"இதை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டிருக்கலாம்ல?"

அவள் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தாள். பிறகு அவளே சொன்னாள். "எனக்குப் பதினாறு வயசு ஆனதிலேருந்து பொண்ணு பாக்க வர்றாங்க. வர்றவங்க எல்லாம் பாஸ்போர்ட்டைத்தான் பாப்பாங்க. அதுல இருக்குற போட்டோவைப் பாத்துட்டு, எதிர்ல நிக்குற என்னைப் பாக்காமப் போனவங்களும் உண்டு."

"அப்ப என்னை மட்டும் ஏன் சரின்னு சொன்னே?"

"நீங்க ஃபேனைப் பாத்தீங்க."

"அது சத்தம் போட்டுச்சு."

"அதைத்தான் சொல்றேன். அது ரெண்டு வருஷமா சத்தம் போட்டுச்சு. வந்தவங்க யாருக்கும் கேக்கலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சுண்டல் வாங்கிக்கொண்டு வந்து, "சரி, இப்பக் கேக்குறேன். போகலாமா?" என்றேன்.

சுண்டல் தீருகிற நேரத்தில், "பயமா இருக்குங்க" என்றாள். "நான் அந்த நாட்டுக்காரின்னு பாஸ்போர்ட்ல இருக்கு. அந்த நாட்டு பாஷையில ஒரு வார்த்தை தெரியாது. அங்க போயி ஊமை மாதிரி நிக்கணும். இங்க என் பிள்ளைங்க நாற்பது பேரு 'டீச்சர் டீச்சர்'னு கத்துதுங்க."

போக மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பிறகு யோசித்ததுண்டு. மோட்டார் கட்டிக்கொண்டு விழிதியூரிலேயே இருந்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அவள் அப்படிச் சொல்லவில்லை. பள்ளிக்கூட வருஷம் முடியட்டும், அதுவரை பாஷை படிக்கலாம், போய்ப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்று பேசி முடித்தோம்.

திரும்பும் பஸ்ஸில் அவள் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். சீர்காழியில் பஸ் நின்றபோது அவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க அம்மாவையும் நான் கேக்கலை" என்றார். "கப்பல் டிக்கெட் வாங்கிட்டு வந்துதான் சைகோன்னு சொன்னேன். அங்க இருந்த வரைக்கும் அரிசி சரியில்லைன்னு ஒரே குறைதான் சொல்லுவா. வேற ஏதாவது குறை இருந்துச்சான்னு நான் கேட்டதே இல்லை."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் கிளம்பியது.

பிரெஞ்சு கற்றுக்கொடுக்க அவரே முன்வந்தார். ஆனால் அவருடைய பிரெஞ்சு பட்டாளத்து பிரெஞ்சு. நில், திரும்பு, துப்பாக்கியை எடு. அதை வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு வாங்க முடியாது என்று தெரிந்ததும் ஊரில் ட்யூஷன் எடுத்த ஓர் அம்மாவிடம் போனோம். எனக்கு மூக்கால் பேச வரவில்லை. அவளுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. பாடம் முடிந்து வரும் வழியெல்லாம் கண்ணில் பட்ட மாடு, மரம், பாலம் எல்லாவற்றையும் பிரெஞ்சில் கூப்பிட்டுக்கொண்டே வருவாள்.

அடுத்த முறை மாமனார் இல்லாமல் போனோம். அதே அம்மாள்தான் இருந்தார். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார். அவள் தட்டுத்தடுமாறி பிரெஞ்சிலேயே, "பார்ப்பதற்கு. பிடித்தால் இருப்போம்" என்றாள். நான் தமிழில், "இவளோட போறதுக்கு" என்றேன். வீட்டில் சண்டை வருமா என்று கேட்டார். ராத்திரி ஜன்னலைத் திறக்க வேண்டும் என்பாள் அவள், கொசு வரும் மூட வேண்டும் என்பேன் நான், அது தினமும் நடக்கிறது என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கி, யார் சொல்வது சரி என்று அங்கேயே தர்க்கம் வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் எதை மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் முழித்தார். அந்த அம்மாள் கையைக் காட்டிப் போதும் என்றார். கொஞ்ச நாளில் விசா வந்தது.

மெட்ராசிலிருந்து பம்பாய் போய், அங்கிருந்து பாரிஸ். பெட்டியில் கருவாடு, ஊறுகாய், மிளகாய்த்தூள் என்று அம்மா அடைத்ததில் எடை கூடிப்போனது. மாமனார் கொடுத்த பட்டாளத்துக் கம்பளிக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மே மாத வெயிலில் நான் போட்டுக்கொண்டேன். மீனம்பாக்கத்தில் என்னைப் பார்க்காதவர்கள் கிடையாது.

பாரிசில் இறங்கியதும் அந்நாட்டவர்களுக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒரு வரிசை. அவள் ஒரே நிமிஷத்தில் அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் நீண்ட வரிசையில் நின்றபடி, தனியாக என்ன செய்கிறாளோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன். ஒருவழியாக வெளியே வந்தபோது அவள் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி வைத்திருந்தாள். "எந்த பஸ்சுன்னு விசாரிச்சிட்டேங்க. சொன்னது பாதிதான் புரிஞ்சுது. ஆனா கை காட்டுன பக்கம் தெரியும், வாங்க" என்றாள்.

எனக்கு ஒரு மோட்டார் பட்டறையில் வேலை கிடைத்தது. காயில் எந்த நாட்டிலும் காயில்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனோம். மீன்காரர் ஒரு பெரிய மீனை நிறுத்து, தலையை வெட்டி ஒதுக்கிப் போட்டார். அவள் பதறிப்போய் தலையும் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். அவர் அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னதும் கடையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்ன கேட்டாரு?" என்றேன்.

"பூனைக்கான்னு கேட்டாரு. இல்லை, எங்க வீட்டுக்காரருக்குன்னு சொன்னேன்."