காய்ந்த தலையில் சீப்பு வைக்கக் கூடாது

குழந்தைக்குத் தலை வாரிவிடுகிற உத்தியோகத்தில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, மேலதிகாரிக்கு வயது இரண்டு. காலை நேரத்தில் ஒரு கையில் சீப்பும் இன்னொரு கையில் எண்ணெய்க் கிண்ணமுமாகக் கட்டிலைச் சுற்றி ஓடியவர்கள் எல்லாரும் என் கட்சி. மற்றவர்களுக்கு இதைச் சொன்னால் புரியாது.

என் கேஸ் கொஞ்சம் விசேஷமானது. சாம்பியாவுக்குக் கணக்கு வாத்தியாராகப் போன நான், அங்கே நர்ஸாக இருந்த கிரேஸைக் கல்யாணம் செய்துகொண்டு, மகள் அமுதாவோடு தாம்பரம் திரும்பி வந்தேன். வந்து இறங்கியது என் அக்கா வீட்டு மாடியில். அமுதாவுக்கு அப்படியே அம்மாவின் முடி. நம் ஊர்ச் சுருட்டை என்று நினைத்துவிடாதீர்கள். பேனா ஸ்ப்ரிங் மாதிரி குட்டிக் குட்டியாகச் சுருண்டிருக்கும். இழுத்தால் தோள் வரை வரும். விட்டால் காதுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். கிரேஸ் இங்கே இருந்தவரை அந்தத் தலை அவள் இலாகா, நான் வேடிக்கை பார்ப்பவன். பழைய ஆஸ்பத்திரியில் பாக்கி இருந்த ஒப்பந்தத்தை முடித்துக் கொடுக்க அவள் ஆறு மாதம் ஊருக்குப் போக வேண்டி வந்தபோது, இலாகா என் கைக்கு மாறியது.

மீனம்பாக்கத்தில் பதவிப் பிரமாணம்

கிரேஸ் தமிழ் கற்றது என் அக்காவிடம். அதனால் அவள் தமிழில் கெஞ்சல், வேண்டுகோள் எல்லாம் கிடையாது, உத்தரவு மட்டும்தான். ஏர்போர்ட் வாசலில் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு விரலை நீட்டினாள். காய்ந்த தலையில் சீப்பு வைக்கக் கூடாது. தண்ணீர், எண்ணெய், பிறகு விரல், கடைசியில்தான் சீப்பு. நுனியில் ஆரம்பித்து வேருக்குப் போக வேண்டும், வேரில் ஆரம்பித்து இழுக்கக் கூடாது. யார் சொன்னாலும் கத்திரி படக் கூடாது, கத்தி படக் கூடாது.

"சரி, சரி" என்றேன். "சரி" என்ற சொல்லை அவள் நம்புவதில்லை. கண் கலங்கியிருந்தது. ரெண்டு வயசுக் குழந்தை ஆறு மாதத்தில் அம்மாவை மறந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு. எனக்கும்தான்.

"என்னைப் பார்த்து இவ யாருன்னு முழிச்சா நான் தாங்கிக்குவேன். இவளைப் பார்த்து யாருன்னு நான் முழிக்கிற மாதிரி வெச்சிடாத."

பேன் சீப்பு

என் அக்காவுக்கு உலகத்தில் தெரியாத விஷயம் கிடையாது. அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தால், அது தேவையில்லாத விஷயம். கிரேஸ் விமானம் ஏறிய மறுநாளே, நான் குளிக்கப் போன நேரம் பார்த்து, அமுதாவைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு காய்ந்த தலையில் பேன் சீப்பை வைத்துவிட்டாள். பேன் இருந்ததா என்றால் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு முன்னெச்சரிக்கை.

அமுதா போட்ட சத்தத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தேன். சீப்பில் பாதிப் பல் இல்லை. பல்லெல்லாம் குழந்தை தலைக்குள் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அக்கா அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆராய்ந்தாள். குழந்தை மேலேயும் அவளுக்குக் கோபம் இல்லை, தன் மேலேயும் இல்லை.

"நீ பிள்ளையைப் பிடி. இந்த மாதிரி மட்டமான சீப்பை என் தலையில கட்டினவனை நான் போய் ஒரு கை பார்த்துட்டு வர்றேன்."

மூணு தபா

சனிக்கிழமை ஷேவ் செய்துகொள்ள மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனை சலூனுக்குப் போவேன். குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனேன். போயிருக்கக் கூடாது. பெஞ்சில் தினத்தாள் படித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அமுதாவின் தலையைப் படிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் கரிசலாங்கண்ணி என்றார். இன்னொருவர் விளக்கெண்ணெய் என்றார். மூன்றாமவர் இஸ்திரிப் பெட்டி என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, சும்மா சொன்னேன் சார் என்றார்.

"முடிக்கு ஒரு கோளாறும் இல்லையே, எதற்கு வைத்தியம்?" என்று கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை. சலூன்காரர் என் தாடையில் நுரையைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். கத்தி என் கழுத்தில் இருந்ததால் அப்பீல் செய்ய முடியவில்லை.

"மூணு தபா மொட்ட போடு சார், நேரா வந்துரும். வரலன்னு வெச்சுக்கோ, நாலாவது தபா ஃப்ரீயா போட்டு வுடறேன்."

ரயிலில் ஒரு பண்டமாற்று

தாம்பரத்திலிருந்து பீச் போகிற மின்சார ரயிலில் அமுதாவின் தலை பொதுச் சொத்து. உட்கார்ந்தவர் தொடுவார், நின்றவர் தொடுவார், இறங்கப் போகிறவரும் ஒரு தரம் தொட்டுவிட்டு இறங்குவார். "நிஜ முடிதானா?" என்று என்னைக் கேட்பார்கள். இல்லை, வாடகைக்கு எடுத்தது என்று சொல்ல வாய் வரும். குழந்தை பாவம், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் பல்லாவரம் தாண்டியதும் எதிர் சீட்டு அம்மாள் அந்தச் சுருளில் ஒன்றைப் பிடித்து இழுப்பதும் விடுவதுமாக விளையாடிக்கொண்டே வந்தார். அமுதா அவரையே பார்த்தாள். திடீரென்று எட்டி அவருடைய கொண்டையைப் பிடித்து ஓர் இழுப்பு. சவுரி மொத்தமும் கையோடு வந்துவிட்டது. எனக்கு அடுத்த ஸ்டேஷனில் குதித்துவிடலாமா என்று இருந்தது. அந்த அம்மாள் சவுரியை வாங்கி உதறி, மடியில் வைத்துக்கொண்டு, அமைதியாகச் சொன்னார்.

"திட்டாதீங்க சார், கணக்கு சரியாப் போச்சு. நிஜ முடியான்னு நான் அவளை டெஸ்ட் பண்ணேன், அவ என்னை டெஸ்ட் பண்ணிட்டா."

பாதித் தலை

நானும் தொழில் பழகினேன். சீயக்காய் போட்டால் முடி வைக்கோலாகிவிடும் என்று தெரிந்துகொண்டேன். அக்காவே பக்கத்து வீட்டு வேலியிலிருந்து செம்பருத்தி இலை பறித்து, கசக்கி, அந்தக் கொழகொழப்பைத் தலையில் தேய்த்துக் காட்டினாள். சிக்கெல்லாம் வழுக்கிக்கொண்டு விட்டுக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி.வி.யில் சினிமா ஆரம்பித்ததும் அமுதாவைப் பிடித்து உட்கார வைப்பேன். ஈரத் தலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பின்னல். கணக்கு வாத்தியாருக்குக் கட்டம் பிரிக்கவா தெரியாது? இடைவேளைக்குள் பாதித் தலை, வணக்கம் போடும்போது முழுத் தலை. கதாநாயகி செத்த காட்சியில்கூட என் கை நின்றதில்லை.

ஒரு ஞாயிறு சரியாக நடு வகிட்டில் கரண்ட் போனது. அமுதா இருட்டில் நழுவிப் போய்த் தூங்கிவிட்டாள். மறுநாள் காலையில் பள்ளியில் எனக்கு முதல் பீரியடு. இடப் பக்கம் பின்னல் வரிசை, வலப் பக்கம் பெரிய மேகம், அப்படியே நர்சரியில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடினேன். சாயங்காலம் கூப்பிடப் போனபோது மிஸ் வாசலிலேயே என்னை மடக்கினார்.

"சார், தயவுபண்ணி முழுசா முடிச்சு அனுப்புங்க. பாதி பின்னி, பாதி விட்டு எனக்கும் வேணும்னு மத்தியானத்துலேருந்து மொத்த கிளாஸும் அழுவுது."

வேண்டுதல்

இதுவரை சிரித்தது போதும். அமுதாவுக்கு அம்மை வார்த்தது, காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. அக்காவும் நானும் மாற்றி மாற்றி மடியில் போட்டுக்கொண்டு கிடந்தோம். கிரேஸுக்கு என்ன பதில் சொல்வேன் என்ற நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தை பிழைத்து எழுந்து இட்லி கேட்ட அன்று நான் அழுதேன். அக்கா அழவில்லை. திருப்போரூர் முருகனுக்கு மொட்டை அடிப்பதாக வேண்டிக்கொண்டிருந்த செய்தியை அப்போதுதான் வெளியில் விட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிரேஸ் வர ஒரு மாதம்தான் பாக்கி. முருகனோடு மோதவும் முடியாது, மனைவியோடு மோதவும் முடியாது. அப்போது பளிச்சென்று ஒரு யோசனை. நம் வழக்கப்படி தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே முதல் மொட்டை? அமுதாவின் தாய்மாமன் இருப்பது லுசாகாவில். "மடி இல்லாமல் எப்படியக்கா? முறை தவறலாமா?" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கேட்டேன். முறை என்ற வார்த்தைக்கு அக்கா கட்டுப்படுவாள் என்று எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"தாய்மாமன்தானே வேணும்? கொண்டாந்துட்டாப் போச்சு."

காட்டாங்குளத்தூர் தாய்மாமன்

அடுத்த ஞாயிறு மத்தியானம் அக்கா வீட்டுக் கூடத்தில், வாழை இலை முன்னால், ஆறடி உயரத்தில் ஒரு பையன் உட்கார்ந்து வத்தக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெயர் ஜோசப். காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் படிப்பவன். அக்கா அவனைத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்து, தம்பி என்று கூப்பிட்டு, கையோடு அழைத்து வந்திருந்தாள். ஹாஸ்டல் சாப்பாட்டிலிருந்து ஒரு நாள் விடுதலை என்றதும் அவனும் கேள்வி கேட்காமல் வந்துவிட்டான். தமிழ் ஹாஸ்டல் வாட்ச்மேனிடம் கற்றது, பிரமாதமாகப் பேசினான்.

நான் அக்காவைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். இவன் கென்யாக்காரன், கிரேஸ் சாம்பியாக்காரி, நடுவில் ஒரு முழு தேசம் இருக்கிறது, இவன் எப்படி அவளுக்குத் தம்பியாவான் என்று பூகோளம் எடுத்தேன். அக்கா அப்பளம் பொரிப்பதை நிறுத்தவில்லை.

"தாம்பரத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவுல எத்தனை ஊரு கெடக்கு? அதுக்காக உன் மாமா எனக்குப் புருஷன் இல்லைன்னு ஆயிடுமா?"

மடியில் உட்கார்ந்தவர்

வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் பஸ் மாறித் திருப்போரூர் போய்ச் சேர்ந்தோம். அக்கா, நான், அமுதா, புது வேட்டி கட்டிய ஜோசப். வழியெல்லாம் அமுதா அவன் தோளில். அக்கா மொட்டை டிக்கெட் வாங்கி வந்தாள். ஜோசப் சப்பணமிட்டு உட்கார்ந்தான், அக்கா அமுதாவை அவன் மடியில் வைத்தாள். தடுத்தால் அக்கா என்னை ஜன்மத்துக்கும் மன்னிக்க மாட்டாள், தடுக்காவிட்டால் கிரேஸ். நான் பாட்டுக்கு மரம் மாதிரி நின்றேன்.

மொட்டை போடுகிறவர் தண்ணீர் தெளித்துக் கத்தியை எடுத்தார். ஜோசப் தன் பெரிய உள்ளங்கையால் அந்தத் தலையை மூடினான்.

"அக்கா, ஒரு நிமிசம். இவ அம்மாவ கேட்டீங்களா?"

"அவ ஊர்ல இல்லையேப்பா."

"எங்க ஊர்ல என் அக்கா பொண்ணு கீது. அக்காவ கேக்காம அது தலைல நான் கத்தி வெச்சா, அக்கா என்னை வூட்டாண்ட சேக்காது. நான் இங்க யாரு?"

"தாய்மாமன்" என்றாள் அக்கா, வேறு வழியில்லாமல்.

"தாய்மாமன் சொல்றேன், வோணாம்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் தூக்கிப் போட்டிருப்பாள். ஆனால் முறைப்படி மாமனென்று அவளே உட்கார வைத்த ஆள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. யாராவது ஒருத்தர் உட்காருங்க என்று கத்திக்காரர் அவசரப்படுத்தினார். அக்காவுக்கு இடுப்பைத் தாண்டி முடி. கல்யாண வீடுகளில் பெண்கள் அதைப் பற்றிக் கேட்பதற்கென்றே பக்கத்தில் வந்து உட்காருவார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டாள். அக்கா, வேண்டாம் என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேண்டிக்கிட்ட வாய் என்னுதுதானே? தலையும் என்னுதாவே இருந்துட்டுப் போவட்டும்."

மறுபடியும் மீனம்பாக்கம்

கிரேஸ் வெளியே வந்தபோது, நாங்கள் பயந்த மாதிரியே அமுதா செய்தாள். யாரோ என்று பார்த்து அத்தை புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கிரேஸின் முகம் விழுந்துவிட்டது. பெட்டியைப் போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். கையை மட்டும் நீட்டி, அந்தப் பின்னல்களின் நுனியில் விரலை வைத்தாள். நுனியிலிருந்து வேருக்கு, மெதுவாக. அமுதா ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு தானாகவே திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, அம்மா மடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். கிரேஸ் அழுதாள், நான் அழுதேன், டாக்சிக்காரர்கூட ஒரு மாதிரி ஆகிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கிரேஸ் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். தலையை மூடியிருந்த முந்தானை விலகியிருந்தது. உச்சியில் அரை விரல்கூட வளராத முடி. நடந்ததை நான் சொல்லி முடித்ததும் எழுந்து அக்காவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை தலைக்குக் காவல் போட்டுட்டுப் போனேனே அண்ணி, உங்க தலைக்கும் ஒரு ஆளைப் போட்டிருக்கணும்."

எல்லாம் சரி, அன்று அந்தப் பலகையில் நீ உட்கார்ந்திருக்கலாமே என்று இன்றுவரை என்னைக் கேட்கிறவர்கள், முருகனுக்குக் கொடுக்கிற அளவுக்கு என் தலையில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தரம் நேரில் வந்து பார்த்துவிட்டுக் கேட்கலாம்.