அறுபத்திரண்டு போத்தலில் ஒரு மருந்துக்கடை

போன வியாழக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். கடைக் கதவைத் திறந்து, வாசலில் தேங்கின மழைத்தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளிவிட்டு நிமிர்கிறேன்... வேலுப்பிள்ளை அண்ணை நிற்கிறார். துறைமுகத்தில் முப்பது வருஷம் உழைத்து ஓய்ந்தவர். அவர் மெல்லக் கதைத்தாலே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"பிள்ளை, என்ர போத்தலைத் தா. நான் சம்பூருக்குப் போறன்."

"ஏன் அண்ணை, சுகமில்லையோ? மருந்து கலக்கித் தரச் சொல்லட்டோ?"

"மருந்து வேண்டாம். போத்தல்! நான் உங்களிட்டத் தந்து வச்ச போத்தல்!"

ஒரு போத்தல்தானே, தூக்கிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே என்று நினைக்கிறீர்கள். நினைப்பீர்கள். எனக்கோ அது வெறும் போத்தல் இல்லை. ஏன் என்று சொல்ல, ஆடி மாதத்துக்குப் போக வேண்டும்.

சித்திரையில் எதிரி விமானம் வந்து துறைமுகத்தில் குண்டு போட்டதும் ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். மருந்துக்கடைக்காரர்களும் பூட்டிக்கொண்டு போனார்கள். காய்ச்சல் மட்டும் எங்கும் போகவில்லை. என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷம் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கியவர். பரீட்சை பாஸ் பண்ணினவர். ஆடியில் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"நாங்கள் ஒரு மருந்துக்கடை போடுவமே?"

"போடுவம். எவ்வளவு காசு முடியும்?"

அதைக் கேட்கத்தான் காத்திருந்தாரோ என்னவோ! சட்டைப் பையிலிருந்து ஒரு லிஸ்ட் வந்தது. கண்ணாடி அலுமாரி மூன்று. தேக்கு மேசை. பித்தளைத் தராசு, படிக்கற்கள். அளவுக் கிளாஸ். மருந்து அரைக்கப் பீங்கான் கல்வம். நச்சு மருந்துக்குப் பூட்டுப் பெட்டி. பொன் எழுத்து எழுதின போத்தல் அறுபது, கொழும்பிலிருந்து. கீழே கூட்டிப் போட்டிருந்த தொகையைப் பார்த்தேன்... கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

காசுக்கு அவர் ஏறாத படி இல்லை. வங்கி மனேஜர் மரியாதையாகத்தான் கதைத்தாராம். "கடையில குண்டு விழுந்தா யார் கட்டுறது?" என்று மட்டும் கேட்டாராம். பலசரக்குக்கடை முதலாளி பங்குக்கு வரச் சம்மதித்தார். ஆனால் பலகையில் அவர் பெயர்தான் இருக்க வேண்டுமாம், மருந்துக்குப் பக்கத்தில் கருவாடும் விற்க வேண்டுமாம். கடைசியாக வட்டிக்குக் கொடுக்கிற ஒருவர் முழுத் தொகையையும் தருகிறேன் என்றார். வீட்டை ஈடு வைத்தால்.

யாருடைய வீட்டை? என்னுடைய வீட்டை!

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. என் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு இது. நாளைக்கு என் மூத்தவளுக்குப் போக வேண்டியது. இளையவளுக்குப் பக்கத்து வளவில் ஒன்று கட்டவேண்டும், அது வேறு கதை. மனுசன் எனக்குச் சொல்லாமல் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் போய், வீட்டை ஈடு வைக்கிற உறுதிக் கடதாசியும் எழுதுவித்துக்கொண்டு வந்துவிட்டார். நல்ல தடித்த கடதாசி, முத்து முத்தான எழுத்து. என் கையெழுத்து ஒன்றுதான் குறை.

"ஏலாது," என்றேன்.

"அப்ப கடை?"

"கடை போடுவம். என்ர வழியில. தை பிறக்கிற மட்டும் பொறுங்கோ. அதுக்குள்ள கடை நடக்காட்டி, நானே கையெழுத்து வைக்கிறன்."

வாய் சும்மா இருந்தால்தானே! சொன்னது சொன்னதுதான். அவர் உறுதிக் கடதாசியை நாலாக மடித்துச் சுவரிலிருந்த பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். பிள்ளையார் சாட்சியாம்.

நான் பென்சிலை எடுத்தேன். லிஸ்டில் இருந்த ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே கேள்வி: இது மருந்துக்கோ, பார்வைக்கோ? கடை தொடங்குகிற எல்லாருக்கும் இந்தக் கேள்வியை இலவசமாகத் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி அலுமாரி பார்வைக்கு. வெட்டு. என் சேலை அலுமாரி கடைக்கு வந்தது, சேலைகள் பெட்டிக்குப் போயின. தேக்கு மேசை பார்வைக்கு. மூடின பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பழைய மேசை வந்தது. கடைக்கு வாடகையா? வீட்டு முன்னறை எதற்கு இருக்கிறது? நச்சு மருந்துக்கு என் நகைப்பெட்டி போதும், பூட்டு நல்ல பூட்டு. தராசை, ஊரைவிட்டுப் போன நகை செய்கிற பத்தர் இரவலாகத் தந்தார்.

"தராசு சரி," என்றார் என் வீட்டுக்காரர். "படிக்கல்லு சரிவராது. அவர் நிறுக்கிறது மஞ்சாடிக் கணக்கில. மருந்துக்குக் கிரெயின் கணக்கு. அதில விளையாட ஏலாது."

நியாயம். அது மருந்துக்கு. படிக்கல், அளவுக் கிளாஸ், கல்வம், மருந்துகள், இவை எல்லாம் புதிதாகவே வந்தன. என் இரண்டு காப்பும் போயின. ஈடு வைக்கவில்லை, விற்றேன். ஈடு வைத்த காப்பு அடுத்தவன் பெட்டிக்குள் இருந்துகொண்டே வட்டி தின்னும். விற்ற காப்பு வாயை மூடிக்கொண்டு போய்விடும். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அழுதேன், பொய் சொல்லமாட்டேன்.

மிஞ்சினது போத்தல். கொழும்புக்கு எழுதினோம். சண்டை முடியட்டும் என்று பதில் வந்தது. போத்தல் இல்லாமல் மருந்துக்கடையா? உப்பையும் தூளையும் திராவகத்தையும் எதில் வைப்பது?

அப்போதுதான் குசினியில் என் கண்முன்னால் நின்ற நல்லெண்ணெய்ப் போத்தலைப் பார்த்தேன். வெள்ளைக்காரக் கப்பல்காரர் குடித்துவிட்டு எறிகிற போத்தலெல்லாம் எங்கே போகிறது? துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குத்தானே! ஒவ்வொரு குசினியிலும் நாலைந்து நிற்கிறது, நெய்க்கு ஒன்று, தேனுக்கு ஒன்று என்று. அதோடு மருந்துக்குப் போகிறவர் தன் போத்தலைத் தானே கொண்டுபோகிறதுதானே நம்முடைய வழக்கம்? ஒன்றைக் கொண்டுவருகிறவர் இரண்டைக் கொண்டுவந்தால் என்ன?

வீடு வீடாகப் போனேன். "ஒரு போத்தலைக் கடையில வச்சிருங்கோ. வச்சிருக்கிற மட்டும் உங்கட வீட்டில ஆருக்குப் புண் எண்டாலும் மருந்து போட்டுக் கட்டுறதுக்குக் காசில்லை. கேட்கிற நேரம் போத்தல் திரும்பி வரும்." எந்தப் போத்தல் யாருடையது என்று எப்படித் தெரியும்? சலவைக்காரர் துணியில் போடுகிற குறி ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்கிறதே! மூன்று புள்ளி, கோடும் புள்ளியும், பிறை... அதையே தாரால் போத்தலின் அடியில் போட்டேன். எழுத்துத் தெரியாதவருக்கும் தன் குறி தெரியும்.

அறுபத்திரண்டு போத்தல் சேர்ந்தது! கடை நடந்தது. நன்றாகவே நடந்தது. இவருக்கு ஒரே ஒரு குறைதான். மருந்துப் போத்தலின் வெளியே ஓரம் பல்லுப் பல்லாக வெட்டின கடதாசி ஒட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். ஒரு பல்லு ஒரு வேளை மருந்து. சண்டைக் காலத்தில் கடதாசிக்கு எங்கே போவது? பழைய பேப்பரை வெட்டி ஒட்டுவார், ஈரம் பட்டதும் அது கரைந்துபோகும். "நல்ல தடிச்ச கடதாசி இருந்தால்..." என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்.

இனி வியாழக்கிழமைக்கு வாருங்கள்.

விமானம் திரும்ப வரப்போகுது என்று யாரோ ஒரு கதையைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். வேலுப்பிள்ளை அண்ணை குடாவுக்கு அந்தப்பக்கம் சம்பூருக்கு வள்ளம் ஏறப்போகிறார். போகிறவர் போத்தலை ஏன் விட்டுவிட்டுப் போவார்? அவர் குரல் தெருவெல்லாம் கேட்டுவிட்டது. அரை மணித்தியாலத்தில் வாசலில் பதினொரு பேர். எல்லார் வாயிலும் ஒரே கதை: என்ர போத்தல்.

அறுபத்திரண்டும் போனால் கடையில் என்ன மிஞ்சும்? மருந்தை நிலத்திலா கொட்டி வைப்பது? கடை போனால் என் கையெழுத்து. கையெழுத்து விழுந்தால் மூத்தவளின் வீடு.

இவர் வாசலுக்கு வந்தார். "நாளைக்கு வாங்கோ, போத்தலுக்குள்ள மருந்து கிடக்கு..." என்று தொடங்கினார். சொல்லிக்கொண்டே பிள்ளையார் படத்தை ஒருதரம் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன்!

"இஞ்சேருங்கோ, கொஞ்சம் பேசாமல் இருங்கோ," என்றேன். நாளைக்கு வா என்று சொல்கிற கடைக்கு நாளைக்கு யார் வருவார்? "எல்லாருக்கும் இண்டைக்கே தாறன். வரிசையா நில்லுங்கோ."

மூத்தவளை அடுப்பில் கொதிதண்ணீர் வைக்கச் சொன்னேன். குசினிக்குள் போய் ஊறுகாய்ச் சாடியைக் கவிழ்த்தேன், தேயிலை டின்னைக் கவிழ்த்தேன். கழுவித் துடைத்துக் கொண்டுவந்தேன். வேலுப்பிள்ளை அண்ணையின் போத்தலிலிருந்த பேதியுப்பு தேயிலை டின்னுக்குப் போனது. இவர் பெயர் எழுதி ஒட்டினார். போத்தலை மூன்று தரம் கொதிதண்ணீரில் அலசி, அடுப்படியில் காயவைத்து, அடியைத் திருப்பிக் காட்டினேன்.

"குறியைப் பாருங்கோ அண்ணை. மூண்டு புள்ளி. உங்கடைதானே?"

"ஓம், என்ரதான்." அவருக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டாவது ஆளுக்கும் அப்படியே. மூன்றாவதுக்கும். நாலாவதாக நின்றவள் பின்வீட்டுச் செல்லம்மா. வரிசையை விட்டு எட்டி உள்ளே பார்த்தாள்.

"அக்கா, நீங்கள் போகேல்லையோ?"

"நான் எங்கயடி போறது? வீடு என்ரது. கடை வீட்டுக்குள்ள. பிள்ளையள் அந்தா குசினிக்குள்ள."

"அப்ப கடை பூட்டமாட்டியளோ?"

"பூட்டுற கடைக்கு ஆராவது ஊறுகாயைக் கொட்டுவினமோ?"

அவள் சிரித்தாள். "எனக்குப் போத்தல் வேண்டாம். சின்னவன்ர காலில புண், அதைக் கட்டிவிடுங்கோ." பின்னால் நின்ற இருவர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி தலைவலிக்குத் தூள் கேட்டாள். மற்றவள் சும்மா வந்தனான் என்றாள். மிச்சப் பேரும் ஒவ்வொருவராய்க் கழன்றார்கள். பத்து மணிக்கு வாசலில் திரும்பத் தேங்கின மழைத்தண்ணீர் மட்டும்தான் நின்றது.

இதிலிருந்து நான் கண்டுகொண்டது ஒன்று. திருப்பிக் கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தால் யாரும் அவசரப்பட்டுக் கேட்கிறதில்லை. அந்த வங்கி மனேஜரைக் கண்டால் சொல்ல வேண்டும்.

கதை முடியவில்லை. திங்கட்கிழமை வேலுப்பிள்ளை அண்ணை திரும்ப வந்தார். போர்வையைப் போர்த்துக்கொண்டு, பல் கிடுகிடுக்க, வள்ளத்தில் குளிர்காய்ச்சலோடு. சம்பூரில் விமானமும் இல்லையாம், மருந்தும் இல்லையாம். கையில் அதே போத்தல், உள்ளே அரைப்போத்தல் நல்லெண்ணெய்.

"பிள்ளை... மருந்து தருவியோ?" குரல் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்காது.

பாவமாகப் போய்விட்டது. "அதென்ன கேள்வி அண்ணை, கதிரையில இருங்கோ!" என்று எண்ணெயை ஊற்றி வைத்துவிட்டு, சாம்பல் போட்டுப் போத்தலைத் தேய்த்துக் கொடுத்தேன். இவர் குயினைன் மிக்ஸ்சர் கலக்கி ஊற்றினார். ஒட்டுவதற்குக் கடதாசி தேடினார். பழைய பேப்பரும் முடிந்திருந்தது. பிறகு மற்றக் கதிரையில் ஏறிப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கையை விட்டார்.

"தை பிறக்க இன்னும் ஒரு மாதம் கிடக்கு," என்றேன்.

"எனக்குத் தெரியும்," என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

ஆறு பல்லு, ஆறு வேளை. இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. என் வீட்டை விழுங்க எழுதின கடதாசிதான், ஈரம் பட்டும் கரையவில்லை... நொத்தாரிசு காசு வீண்போகவில்லை!