பருத்திக்காட்டு நாவலும் ராசமலர் அக்காவும்

நூலக இரவல் மேசையில் இருப்பவர்களுக்கு வாசகரின் பெயர் மறந்தாலும், எந்த இடத்தில் அழுதார் என்பது மறக்காது. என்னைப் போல் அங்கே இருந்து பாடுபட்டவர்களுக்கு இது விளங்கும். ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் எங்கள் கிளை நூலகத்தில் ஒரு நாவல் இருக்கிறது. அமெரிக்காவின் தென்பகுதியில், கறுப்பருக்கு எல்லாமே தனியாக இருந்த காலத்தில், வெள்ளையரின் நிலத்தில் பருத்தி பயிரிட்ட ஒரு கறுப்புக் குடும்பத்தின் கதை.

ஒரே தொட்டி

ஜெர்மன் பதிப்பை எடுத்துப்போனவர் ஓய்வுபெற்ற விவசாயி. திருப்பித் தரும்போது முகம் சிவந்திருந்தது. வயலில் வேலை செய்த பிள்ளைகள் முதலாளியின் கிணற்றில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று வந்த இடம் அவருக்குப் பொறுக்கவில்லை.

“என் மாடுகளுக்கே நான் தண்ணீர் மறுத்ததில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டிதான்!”

அது வேற

தமிழ்ப் பதிப்பு எங்கள் ஊர்க்காரரான ராசமலர் அக்காவிடம் போனது. எடுத்துக்கொடுத்தவள் அவருடைய மகள் அபிராமி. அதே கிணற்றைச் சொல்லி அக்கா என் மேசையிலேயே கண்ணைத் துடைத்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“எங்கட ஊர்த் தேத்தண்ணிக் கடையளிலயும் சில ஆக்களுக்கு மட்டும் கிளாஸில இல்லாமல் போத்தலிலதானே அக்கா குடுத்தவை?”

அக்கா மூக்கை உறிஞ்சினார். “அது வேற, தங்கச்சி.”

எந்தப் பக்கம்?

அடுத்த கிழமை தாயும் மகளும் சேர்ந்து வந்தார்கள். அபிராமி ஒருவனை விரும்புகிறாள் என்பதை அன்றைக்குத்தான், என் முன்னால், தாய்க்குச் சொன்னாள். பொது இடத்தில் அம்மா சத்தம் போடமாட்டார் என்ற கணக்கு. அக்கா சத்தம் போடவில்லை. பெடியன் எந்த ஊர் என்று கேட்டார். இங்கேதான் பிறந்தவன் என்றாள்.

“அதில்லை. தாய் தேப்பன் எந்த ஊர்? ஊரில எந்தப் பக்கம்?”

நம் ஆட்களுக்குத் தெரியும், அந்தக் கேள்விக்குச் சாதி என்றுதான் அர்த்தம். அபிராமியின் கண் கலங்கிவிட்டது. தாயின் கையிலிருந்த நாவலைத் தொட்டு அவள் சொன்னாள்:

“இதைத் திருப்பிக் குடுக்காதேங்கோ அம்மா. இன்னொருக்கா வாசியுங்கோ.”

நீட்டிப்பு

இரவல் தவணை முடிந்த அன்று அக்கா தனியாக வந்தார். புத்தகத்தை மேசையில் வைத்தார். எல்லாம் முடிந்தது, அபிராமியின் காதல் கதையும் முடிந்தது என்று நினைத்து எடுக்கப் போனேன். அக்கா கையை எடுக்கவில்லை.

“இன்னும் கொஞ்ச நாளைக்கு நீட்டி விடுங்கோ தங்கச்சி. நான் அபிராமிக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டன். இனி அவளின்ர தேப்பன் வாசிக்கவேணும்.”

பருத்திக்காட்டில் நடந்ததற்கு அழ ஒரு பின்னேரம் போதும், அதை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் தவணைக்கு மேல் தவணை வேண்டியிருக்கிறது.