வவுச்சர் வீட்டு லென்ஸ்

பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. ‘வவுச்சர்’ என்றால்தான் தெரியும். ரசீது இல்லாமல் மேலதிகாரிக்கே காசு தராத கணக்காளர் அவர். கஞ்சன் என்றால் அது அபாண்டம். அவசரம் என்று யாராவது வந்து நின்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, போகிற காசு எந்தத் தலைப்பில் போகிறது என்று தெரிய வேண்டும். திரும்பி வந்தால் முதலீடு, வராவிட்டால் செலவு. இரண்டுங்கெட்டானாக எதுவும் இருப்பது அவருக்குப் பிடிக்காது.

அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மனைவி, வீட்டின் முன்னறையில் ஸ்டுடியோ வைத்திருந்தாள். ஒரு நீலத் திரை, இரண்டு குடை விளக்கு, ஒரு சுழல் ஸ்டூல். வருகிறவர்களை நிமிர்ந்து உட்காரச் சொல்லி பாஸ்போர்ட் படம் எடுப்பாள். எல்லா முகத்துக்கும் ஒரே அளவு, ஒரே தூரம். அச்சிட்டு, இரும்பு ஸ்கேலை வைத்து பிளேடால் வெட்டிக் கொடுப்பாள். வருஷக்கணக்காக இதே வேலை.

பழைய பிரிண்டரை மாற்ற இருவரும் சேர்த்து வைத்த பணத்தோடு கடைக்குப் போனவள், ஒரு நாள் மேக்ரோ லென்ஸோடு வந்து நின்றாள். எறும்பைக்கூட ஆளுயரத்துக்குக் காட்டுகிற சாதனம். வவுச்சர் கத்தவில்லை. “இது மாசம் எவ்வளவு கொண்டுவரும்?” என்று மட்டும் கேட்டார். எதையும் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை, அவ்வளவுதான். அதை எந்த வாயால் சொல்வது?

அவளுக்குப் பரிந்து பேச அவளுடைய தம்பி வக்கீல் மாதிரி வந்தான். லென்ஸுக்கு விலை இறங்காது மாமா, நிலம் மாதிரி, முதலீடு என்று அளந்து விட்டான். நிலத்தைக் கீழே போட்டால் உடையுமா மாப்பிள்ளை என்று வவுச்சர் கேட்டதும், அவன் டீயைக் குடித்துவிட்டு நழுவிவிட்டான்.

பெட்டி கசங்காமல் ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். சம்பாதிக்காது என்று தெரிந்தால் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று அவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள். நகைகளைப் படமெடுக்க வேலை உண்டா என்று நகைக்கடையில் கேட்டாள், அவர்களிடம் ஏற்கெனவே ஆள் இருந்தது. மருந்துக் கம்பெனியில் கேட்டாள், பிறகு சொல்கிறோம் என்றார்கள். வாரம் ஓடிவிட்டது.

கடைசி நாள் சனிக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் லென்ஸைத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினாள். அவள் அழுதிருந்தால்கூட வவுச்சர் சமாளித்திருப்பார். அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள், அதுதான் அவருக்கு உறுத்தியது. போகிறதுதான் போகிறது, இது என்னதான் செய்யும் என்று ஒரு தடவை காட்டேன் என்றார். எதை எடுக்கட்டும் என்று அவள் கேட்க, அவர் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். வேறு எதைத் தருவார் அந்த மனிதர்!

அவள் நோட்டை இடது கையில் வாங்கி, ஆள்காட்டி விரல் நுனி ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். படம் கம்ப்யூட்டர் திரையில் விரிந்தது.

நோட்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும், பார்த்திருப்பீர்கள். அது கோடே இல்லை. எழுத்து. எள்ளை நூறாகக் கிள்ளி வைத்தது போல அத்தனை பொடியாக, ஒன்றை அடுத்து ஒன்றாக, வரிசை கலையாமல் எழுத்து! வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணி எண்ணி விரல் தேய்ந்த நோட்டு. பணத்தைப் பற்றித் தனக்குத் தெரியாதது உண்டா என்று இருந்தவர், புதிதாகப் பள்ளிக்கூடம் வந்த குழந்தையைப் போல வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். காகிதத்தின் நார் தெரிந்தது. மை அதில் இறங்கி உறைந்திருந்தது. மௌஸை வாங்கி, அந்த எழுத்து வரிசையின் பின்னாலேயே படத்தை நகர்த்திக்கொண்டு போனார்.

வரிசை நோட்டின் விளிம்பில் முடிந்து, அதைத் தாங்கிய அவள் விரல் நுனி தொடங்கியது. இப்போது திரை முழுக்க விரல். மலைச்சரிவில் வெட்டிய வரப்புகளைப் போல ரேகைகள். அவற்றை அறுத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள். ஒன்றிரண்டு இல்லை, ரேகைக்கே இடமில்லாத அளவுக்கு.

“இதெல்லாம் என்ன?”

“பிளேடு பட்டது. வெட்டும்போது ஸ்கேல் நழுவும்ல.”

“என்கிட்ட சொன்னதே இல்லையே.”

“இதையெல்லாம் போய்ச் சொல்லுவாங்களா?”

அவர் அவள் கையைப் பிடித்து ஜன்னலோரம் இழுத்துப் போனார். வெளிச்சத்தில் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். சாதாரண விரல், லேசாகச் சொரசொரப்பு, அவ்வளவுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் பிடித்த கை.

கடையை மூடிவிடுவார்கள் என்று அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றப் போனாள்.

“செலவுதான்,” என்றார் வவுச்சர். “அதுல சந்தேகமே இல்ல. பைசா திரும்பி வராது.”

அவள் தலையாட்டினாள்.

“கழட்டாத,” என்றார். “செலவாவே இருந்துட்டுப் போகட்டும்.”