உப்புத்தாள் அக்கா

அந்தப் பெண்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தைப் பதினோரு வருஷமாகக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் உப்புத்தாள் அக்கா. பெயர் சும்மா வரவில்லை. மின்கலச் சோதனை முடிந்தால் துத்தநாகத் தகடுகள் கருத்துப்போய்க் கிடக்கும். அவற்றை உப்புத்தாளால் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து அடுக்கி வைத்தால்தான் அவளுக்கு மத்தியானச் சோறு தொண்டையில் இறங்கும். வேலையில் அப்படி ஒரு பைத்தியம். அந்தப் பைத்தியம் பிடிக்காதவர்கள்தான் உலகத்தில் சுகமாக இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆய்வக உதவியாளர் இடம் காலியாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். அவள் பத்தோடு நின்றவள். "நீங்க பாஸ் பண்ணுங்க, மத்ததை நான் பேசிக்கிறேன்" என்று வேதியியல் டீச்சர் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, நாற்பத்திரண்டு வயதில் தனித்தேர்வராக விண்ணப்பித்தாள். வேறு பள்ளியில் அதே வகுப்புப் படிக்கும் மகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

"நாம ரெண்டு பேரும் இப்ப ஒரே செட்டும்மா. என் பென்சிலை எடுத்தா கேட்டுட்டு எடு."

செய்முறைத் தேர்வுக்கு வீட்டிலேயே பழகினாள். டீச்சரிடம் செம்பு சல்பேட், துத்தநாக சல்பேட் கரைசல்கள் கொஞ்சம் வாங்கி வந்து இரண்டு ஜாம் பாட்டிலில் தனித்தனியாக ஊற்றினாள். முதலாவதில் செம்புக் கம்பி. இன்னொன்றில், தீர்ந்துபோன டார்ச் செல்லின் துத்தநாகக் கூட்டை வெட்டி எடுத்த துண்டு. இரண்டு பாட்டிலுக்கும் நடுவே உப்புக் கரைசலில் நனைத்த வடிதாள். மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் கணவர் தன் மீட்டரை வைத்துப் பார்த்தார். 1.08 வோல்ட்.

"செத்த செல்லுக்கே உயிர் குடுத்துட்டியே" என்றார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அந்தத் துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

தேர்வு மையம் அவள் துடைக்கிற அதே ஆய்வகம். அவளுக்கு விழுந்ததும் மின்கலச் சோதனைதான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தாள். தகட்டை இறக்கி, வடிதாளைப் போட்டு, மீட்டரைப் பார்த்தால் 0.62. கம்பிகளை இறுக்கினாள். வடிதாளை மாற்றினாள். மீட்டர் அசைந்து கொடுக்கவில்லை.

பக்கத்து மேசைப் பெண் உதடு அசையாமல் சொன்னாள்: "அக்கா, எங்களுக்கும் அப்படித்தான் வருது. ஒண்ணு புள்ளி ஒண்ணுன்னு எழுதுங்க. புக்ல அதான் இருக்கு."

ஊரோடு ஒத்துப் போவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அவளுக்கு மனசு ஆறவில்லை. வீட்டிலும் இதே கரைசல், இதே வடிதாள். மாறியது தகடு மட்டும்தான். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அடி ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு புள்ளி. துடைக்கிற துணியில் இந்தக் கறையை இரண்டு வருஷமாகப் பார்க்கிறாள். குழாய்த் தண்ணீரைத் திட்டிக்கொண்டே துவைத்திருக்கிறாள். துத்தநாகத்தில் ஏது செந்துரு? இது இரும்பு. மேலே துத்தநாகப் பூச்சு மட்டும்தான் இருந்திருக்கிறது.

அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்தது யார்? உப்புத்தாள் பிடித்த அவள் கைதான்.

வாயைத் திறந்தால், தகடுகளை அழித்தவளுக்கா உதவியாளர் வேலை என்று கேட்பார்கள். நுணலும் தன் வாயால் கெடும். திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தகட்டை மேசையில் வைத்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்தார். டீச்சரும் பின்னாலேயே வந்தார்.

"சார், இது முழுத் துத்தநாகம் இல்ல. இரும்பு மேல பூச்சு. பூச்சு போயிடுச்சு."

"எப்படிப் போச்சு?"

"தேய்ச்சுத்தான் சார். இந்தத் தகடு வந்த நாலு வருஷமா நான்தான் தேய்க்கிறேன்."

டீச்சர் முகம் வாடிவிட்டது. "முழுத் துத்தநாகம்னு சொல்லித்தானே வாங்கினோம்" என்று முனகினார்.

"நீங்க சொல்றதை எப்படி நம்புறது?" என்றார் தேர்வாளர்.

"வெளியில என் பையில ஒரு துண்டு இருக்கு சார். எடுத்துட்டு வரலாமா?"

தலையசைத்தார். காகிதத்தைப் பிரித்து, டார்ச் செல் துண்டைத் தகடு இருந்த இடத்தில் இறக்கினாள். மீட்டர் மளமளவென்று ஏறி 1.08-இல் நின்றது. தேர்வாளர் அதைப் பார்த்தார். பிறகு திரும்பி மற்ற ஐந்து மேசைகளிலும் எழுதியிருந்த தாள்களைப் பார்த்தார்.

"இரும்பை வச்சுக்கிட்டு உங்க எல்லாருக்கும் எப்படிம்மா ஒண்ணு புள்ளி ஒண்ணு வந்துச்சு?"

பிள்ளைகள் ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி ஒளிய இடம் தேடினார்கள்.

டீச்சர் அவள் பக்கம் குனிந்தார். "1.1-னே எழுதிடுங்களேன். கிட்டத்தட்ட அதானே."

"மீட்டர்ல ஒண்ணு புள்ளி பூஜ்யம் எட்டுதான் டீச்சர் இருக்கு." முதலில் வந்த 0.62-ஐயும் எழுதினாள். பக்கத்தில் காரணத்தையும், தேய்த்தது தான்தான் என்பதையும் எழுதினாள்.

செய்முறையில் முப்பதுக்கு இருபத்தொன்பது. மிச்ச ஒரு மார்க் எங்கே போனது என்று மகள் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். எழுத்துத் தேர்விலும் தப்பித்துக் கரையேறினாள். டீச்சரும் சொன்ன சொல் தவறவில்லை. வேலைக்கு ஆள் எடுத்தவர்களிடம் அந்த விடைத்தாளின் கதையைத்தான் முதலில் சொன்னாராம்.

சேர்ந்த அன்று உதவியாளரின் நாற்காலியை டீச்சரே இழுத்துப் போட்டார். "உட்காருங்க."

பதினோரு வருஷமாகத் தினமும் அவள் துடைத்த நாற்காலி. பழக்க தோஷம், தோளில் கிடந்த துணியை எடுத்து அன்றும் ஒரு தடவை துடைத்தாள். பிறகு உட்கார்ந்தாள்.