ஏரிக்கரையில் மிஞ்சிய மஞ்சள் கட்டை

எங்கள் சமையலறைக் கதவு மூன்று வருடமாக மூடியதில்லை. அதன் அடியில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கட்டை செருகிக் கிடந்தது. ஒரு முழ நீளம், ஒரு முனை தாழ்ந்து மறுமுனை மூன்று படியாக உயரும். சரிவான நிலத்தில், உள்ளேயே படுத்துத் தங்கும் காம்பர் வானை நிறுத்தும்போது, தாழ்ந்த பக்கத்துச் சில்லை இதன்மேல் ஏற்றினால் வண்டி மட்டமாக நிற்கும். உள்ளே படுத்திருப்பவர் உருண்டு விழமாட்டார். என்னிடம் காம்பர் வான் கிடையாது. இருப்பது ஒரு பழைய கார், அதையே ஒழுங்காக நிறுத்தத் தெரியாதவன் நான். வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். செத்த வீட்டில்கூடப் பகிடி விட்டு ஏச்சு வாங்கியவன். இந்தக் கட்டையைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. அது றைவர் அண்ணையுடையது.

எங்கள் தேவாலயப் பங்கில் எல்லோருக்கும் அவர் றைவர் அண்ணைதான். முப்பது வருடத்துக்கு மேல் லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பேச்சு குறைவு. சாரதியோடு பேசக் கூடாது என்ற சட்டத்தை மனுசன் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் என்று நான் சொல்லித் திரிவேன். அவருடைய மனைவியை அக்கா என்போம். அண்ணை ஓய்வு பெற்ற அதே வருடம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பிறகு இடது காலும் கையும் சரிவரவில்லை. முகத்தில் பாதிதான் சிரிக்கும். சிறுநீர் முட்டினால் பொறுக்கவும் ஏலாது, விரைந்து நடக்கவும் ஏலாது. அந்தப் பயத்தில் கல்யாண வீடு, திருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். அண்ணை பழைய காம்பர் வான் ஒன்றை வாங்கியது அதற்காகத்தான். அதில் கட்டிலிலிருந்து இரண்டு எட்டில் கழிவறை.

நான் ஒரு கவுன்சிலில் கார் நிறுத்தும் அனுமதி கொடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். பகல் முழுவதும் மற்றவர்கள் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று தீர்மானிக்கிறவனுக்கு ஒரு மிதப்பு வந்துவிடும். பங்கிலிருந்து ஒன்பது குடும்பங்கள் கோடையில் ஒரு சனி ஞாயிறு ஏரிக்கரையில் போய்த் தங்குவது என்று முடிவானதும், திட்டமிடுவதற்கு என்னைவிட்டால் ஆள் இல்லை என்று நானே எழும்பிச் சொன்னேன். பட்டியல் ஒன்று போட்டேன். எந்தக் குடும்பம், எத்தனை பேர், எந்தக் கூடாரம், ஆட்டிறைச்சிப் பானை யார், சோற்றுக் குக்கர் யார், மழை வந்தால் யாரைத் திட்டுவது என்பதுவரை அதில் இருந்தது. கடைசிக் கேள்விக்கு என் பெயரையே போட்டிருந்தேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. றைவர் அண்ணையின் வரியில் ஆட்கள் என்ற கட்டத்துக்குள் இரண்டு என்று எழுதியிருக்க வேண்டும். நான் ‘பிரிட்ஜ், கரண்ட், ரொய்லெற்’ என்று எழுதினேன்.

பூசை முடிந்து பட்டியலைக் கையில் கொடுத்தபோது அவர் அந்த வரியை வாசித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். “தம்பி, எனக்கு ஒண்டு மட்டும் செய்து தாரும். யன்னல் தண்ணியைப் பாத்தமாதிரி ஒரு இடம். கட்டில்ல கிடந்தபடி விடியிறதைப் பாக்கோணும் எண்டு அக்கா ஆசைப்படுறா. பக்கவாதம் வந்தாப் பிறகு ஒரு இரவும் வெளியில தங்கேல்லை.” அது என்ன பெரிய வேலை என்றேன். உண்மையாகவே மிக நல்ல இடத்தைப் பிடித்துக் கொடுத்தேன். கொஞ்சம் சரிவு, ஆனால் கதவைத் திறந்தால் தண்ணீர். சனிக்கிழமை காலை அண்ணை இரண்டு மஞ்சள் கட்டைகளை வைத்து, வண்டியை ஏற்றி இறக்கி, ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்து மட்டம் பார்த்தார். அக்கா யன்னலோரம் இருந்து ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே பொதுக் கழிவறை மேட்டுக்கு அந்தப் பக்கம், ஐந்து நிமிட நடை. அங்கே கடதாசி மட்டும்தான். எங்கள் ஆக்களுக்குத் தண்ணீர் இல்லாமல் அந்தக் காரியம் முடிந்ததாகாது. இதை நான் முன்கூட்டியே யோசித்து, ஒரு வாளியும் ஒரு ரோஸ் நிறக் கோப்பையும் வாங்கிப்போய் அண்ணையின் வண்டிக் கழிவறையில் வைத்திருந்தேன். என் திட்டமிடலின் உச்சம் அது. அந்தக் கழிவறைக்கு அடியில் இருப்பது சூட்கேஸ் அளவு தொட்டி. இரண்டு பேருக்கு இரண்டு நாள் தாங்கும், கோப்பை கோப்பையாகத் தண்ணீர் ஊற்றாவிட்டால். முப்பது பேர் ஊற்றினோம். ஒன்பது மணிக்கே நிரம்பிச் சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணை தொட்டியைக் கழற்றி இழுத்துக்கொண்டு மேட்டுக்கு அப்பால் போய்க் கொட்டிவிட்டு வந்தார். பதினொரு மணிக்கு மறுபடியும்.

வாசலில் வரிசை நின்றது. வரிசையைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. பிஸ்கட் பெட்டியைக் கிழித்து இலக்கம் எழுதி ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். ஒவ்வொரு இலக்கமாகச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அண்ணை தொட்டியோடு புறப்படும்போது, “அடுத்த பஸ் வெளிக்கிடுது, வழி விடுங்கோ” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புத்தான் சுடுகிறது.

இடையில் மூன்று தரம் அக்காவுக்குத் தேநீர் கொண்டுபோனேன். மூன்று தரமும், “வேண்டாம் தம்பி” என்றார். என் தேநீருக்குப் பயந்துவிட்டீர்களோ என்று கேட்டதற்குப் பாதி முகத்தால் சிரித்தார். மேசையில் மட்டம் பார்க்க வைத்த தண்ணீர்கூட அப்படியே இருந்தது.

நாலு மணிபோல அண்ணை வந்து, அக்காவுக்குக் கொஞ்சம் களைப்பு, நாங்கள் வெளிக்கிடுகிறோம் என்றார். ஒரு கட்டையை எடுத்தார், மற்றதைப் புல் மறைத்திருக்க வேண்டும். வண்டி நகர்ந்ததும், “எங்கட ரொய்லெற் போகுது” என்று நான் கை காட்டினேன்.

அன்று எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு என் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். காலையில் அக்கா யன்னலோரத்திலிருந்து எழும்பிக் கழிவறைக்கு வந்தபோது உள்ளே ஆள். கதவைத் தட்டக் கூச்சப்பட்டு நின்றிருக்கிறார். பொறுக்க முடியவில்லை. அண்ணை திரையை இழுத்துவிட்டு உடுப்பு மாற்றிக் கொடுத்திருக்கிறார். வெளியே நான் இலக்கம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அக்கா ஒரு மிடறு தண்ணீரும் குடிக்கவில்லை. மத்தியானம் தலை சுற்றத் தொடங்கிவிட்டது. சனத்தைப் பார்த்து என் ரொய்லெற்றுக்கு வராதேயுங்கோ என்று எப்படிச் சொல்வது என்று அண்ணை என் மனைவியிடம் கேட்டாராம். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

“நீங்கள் குடுத்த துண்டில அவவுக்கு எத்தினையாம் நம்பர்?”

அடுத்த நாள் விடியும்போது நான் மட்டும் அந்த வெற்று இடத்தில் போய் நின்றேன். ஏரிமேல் புகைபோல் பனி, அதற்குள் ஒரு சிவப்பு. மிக அழகாக இருந்தது. அதைப் பார்க்க வேண்டியவர் பிளேஸ்டோவில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். என் காலில் மஞ்சள் கட்டை தட்டுப்பட்டது.

அண்ணை வீட்டுக்கு ஐந்து நிமிட நடைதான். அதை நடக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. கோயிலில் ஒவ்வொரு ஞாயிறும் அண்ணையைக் கண்டேன். அடுத்த கிழமை கொண்டுவருவோம் என்று ஒவ்வொரு கிழமையும் நினைத்தேன். இந்த வருடம் மறுபடி ஏரிக்கரைப் பேச்சு எழுந்து, பட்டியல் போடச் சொல்லி என்னிடமே வந்தார்கள். அன்றைக்குத்தான் கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

வாசலில் வண்டி இல்லை. கண் மங்கிவிட்டதால் ஓட்ட வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார், போன மாரியில் விற்றுவிட்டோம் என்று அண்ணை சொன்னார். சொல்ல வேண்டிய மன்னிப்பை விட்டுவிட்டு நான் வானிலை, கவுன்சில், பாதிரியாரின் நீண்ட பிரசங்கம் என்று அளந்துகொண்டிருந்தேன். அண்ணை தேநீர் தந்தார். வாய்க்கு வேலை வேண்டுமே, மூன்று கோப்பை குடித்தேன். பிறகு உடம்பு தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. காலை மாற்றி மாற்றிப் போட்டேன். அந்த வீட்டில் அதைக் கேட்க எனக்கு வாய் எழவில்லை.

அக்கா என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மேல ஏறி இடக்கைப் பக்கம், தம்பி.”

“வேண்டாம் அக்கா.”

“அண்டைக்கு ஏரிக்கரையில நானும் வேண்டாமெண்டுதான் சொன்னனான்,” என்றார் ஆறுதலாக. அதே பாதிச் சிரிப்பு. “போயிட்டு வாரும்.”

பையோடு ஏறிப் போனேன். அக்கா இப்போது பிடித்து நடக்கும் நடைவண்டி தடையில்லாமல் போவதற்காக, கழிவறைக் கதவு எப்போதும் திறந்தே நிற்கும்படி அடியில் ஒன்றைச் செருகியிருந்தார்கள். மற்ற மஞ்சள் கட்டை. அதைக் காலால் நகர்த்தித்தான் நான் கதவைச் சாத்த வேண்டியிருந்தது. வெளியே வரும்போது அதைப் பழையபடி செருகிவிட்டு, என்னிடம் இருந்ததையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கீழே வந்து போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இப்போது எங்கள் சமையலறைக் கதவு காற்றுக்கு அடித்துச் சாத்துகிறது. ஒரு கட்டை வாங்கிப் போடுங்கோவன் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான் இன்னும் வாங்கவில்லை.