பாம்புக்காதுக்காரரின் கடைசி மிக்ஸ்

இருபது பேர் சேர்ந்து வாசித்தாலும், யாருடைய கம்பி ஒரு நூல் இறங்கியிருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். வாத்தியக்காரர்கள் வைத்த பெயர் பாம்புக்காது. மெட்டுப் போடுபவர் வேறு. அந்த மெட்டுக்குள் எந்த வாத்தியம் எங்கே நுழைய வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்று எழுதி, பதிவுசெய்து, கலந்து பாட்டாக்குவது இவர் வேலை.

கடைசி ஆல்பத்தில் சறுக்கியது. கலந்து அனுப்பிய பாட்டைக் கம்பெனி திருப்பியது, காது கூசுகிறதாம். மறுபடி திரும்பினால் ஆல்பம் வேறு ஆளிடம் போய்விடும். அவர் வயரை மாற்றினார், ஸ்பீக்கரை மாற்றினார். ஒலி கம்பளி போர்த்தியதுபோல் மந்தமாகவே கேட்டது. கீச்சென்ற உச்ச ஒலிகளை இன்னும் ஏற்றினார்.

பின்னால் சோபாவில் இருந்த பாடகி எழுந்துவிட்டாள். "சார், என் குரல் ஊசி மாதிரி குத்துது."

"ஸ்பீக்கர் சரியில்லம்மா."

"நேத்துதானே மாத்துனீங்க? பாவம், அது என்ன பண்ணும்?"

ஒலிப்பொறியாளரான மகளை வரவழைத்தார். "இந்த ரூம்ல ஏதோ கோளாறு. பாரும்மா."

அவள் நடுவில் ஒரு மைக்கை வைத்து ஒலியை அளந்தாள். அறையில் குறையில்லை. பிறகு ஒற்றைத் தொனி ஒன்றை ஓடவிட்டு அதன் சுருதியை மெல்ல உயர்த்திக்கொண்டே போனாள். பாடகி காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அப்பா.

அவள் நிறுத்தவில்லை.

அவர் மீட்டரைப் பார்த்தார். பச்சைக் கோடு உச்சியில் அசையாமல் நின்றது. பாடகி காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மீட்டரைப் பாத்தே கலந்துடுவேன்."

"கண்ணால பாத்து உப்பு சரின்னு சொல்ல முடியுமாப்பா? எந்திரிங்க."

எழுந்தார். நாற்காலியை அவரே அவள் பக்கம் தள்ளினார்.

அவள் கலந்து முடித்தபோது விடிந்திருந்தது. கடைசிச் சரணத்துக்கு மேலே, உச்சியில் ஒற்றை வயலின் எழுதியிருந்தார் அப்பா. பாட்டு அங்கே வந்ததும் பாடகியின் கண் கலங்கியது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயலின் வந்துடுச்சா?"

"வாசிச்சிட்டு இருக்காங்கப்பா."

தலையாட்டினார்.

பாட்டு திரும்பி வரவில்லை. கம்பெனி அடுத்த ஆல்பத்துக்குக் கூப்பிட்டது. போனை மகளிடம் நீட்டினார். "ஆள் போய்ச் சேந்துட்டார்னு சொல்லிடு."

"சும்மா இருங்கப்பா." உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அதே எண்ணுக்கு அவளே கூப்பிட்டு, அவர் சொல்லச் சொன்னதைச் சொல்ல வேண்டியிருந்தது.